கொடுத்தவருக்கு ஒரு பாலிசி

மருத்துவக் காப்பீடு கேட்டு வந்தவர்களிடம் "உங்களுக்குக் கிடையாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்வது என் வேலையில் ஒரு பெரும்பகுதி. அந்த வேலையை நன்றாகச் செய்தேன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதைவிடப் பெரிய பெருமை, ஒருமுறை அப்படிச் சொன்னதோடு விட முடியாமல் போனதில்.

சென்ற ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு பெங்களூரு அல்சூரில் காய்கறி வாங்கப் போனாலும் யாராவது நிறுத்திக் கேட்கிறார்கள். "மேடம், எனக்கு சுகர். எவனும் பாலிசி தர மாட்டேங்கறான். உள்ள உக்காந்து நீங்கல்லாம் என்னதான் பண்றீங்க?" நியாயமான கேள்வி. உள்ளே உட்கார்ந்து நான் என்ன செய்தேன் என்பதை ஒழுங்காக எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

நான் இருந்தது காப்பீட்டு நிறுவனத்தின் விண்ணப்பப் பரிசீலனைப் பிரிவு. ஏஜென்ட் கொண்டுவரும் விண்ணப்பத்தையும் மருத்துவ அறிக்கைகளையும் படித்து, இவரை ஏற்கலாமா, கூடுதல் பிரீமியத்தோடு ஏற்கலாமா, சில காலம் கழித்து வரச் சொல்லலாமா, மறுக்கலாமா என்று முடிவெழுதும் இடம். வேலூரில் விலங்கியல் படித்தேன், பெங்களூருவில் தேர்வு எழுதினேன், மும்பையில் சில வாரங்கள் பயிற்சி பெற்றேன். பயிற்சியில் கற்றுத்தந்தது ஒன்றே ஒன்றுதான்: தலைமை அலுவலகத்தின் தடித்த கையேட்டில் நோயின் பெயரைத் தேடிப் பிடித்து, அதற்கு நேரே இருக்கும் முடிவை எடுத்து எழுதுவது. அதைப் பிழையில்லாமல் செய்தேன். எங்கள் கிளைக்கு டாக்டர் ஷரீஃபா வரும்வரை அதுவே முழு வேலை என்றும் நினைத்திருந்தேன்.

டாக்டர் ஷரீஃபா எங்கள் கிளையின் மருத்துவ அதிகாரி. பிரேசர் டவுன்காரர். வீட்டில் தக்கினி உருது, எங்களோடு தமிழ், கடைநிலை ஊழியர்களோடு கன்னடம், கோபம் வந்தால் மூன்றும். பிளாஸ்க்கில் பால் சேர்க்காத தேநீர் கொண்டுவருவார். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துவிட்டு மேசை முழுக்கத் தேடுவார். நாங்கள் யாரும் சொல்லமாட்டோம். சொன்னால், "எனக்குத் தெரியாதா?" என்பார்.

அவரிடம் நான் கொண்டுபோன முதல் கோப்பு ஒரு சர்க்கரை நோயாளியுடையது. முடிவை எழுதி, கையேட்டின் பக்க எண்ணையும் குறித்திருந்தேன். அவர் அதைத் திறக்கவே இல்லை.

"மேகலா, இவரு காலைல எப்ப எழுந்திருப்பார்?"

"தெரியாது டாக்டர்."

"என்ன வேல செய்றார்?"

"சொந்தத் தொழில்னு போட்டிருக்கு."

"அரே, நகைக்கடையும் சொந்தத் தொழில்தான். கல்லு ஒடைக்கறதும் சொந்தத் தொழில்தான். இவரு எது? போன் போடு."

அன்றிலிருந்து எங்கள் கிளையில் எந்தக் கோப்பின் குறிப்பும் நோயின் பெயரோடு தொடங்கக் கூடாது என்றானது. அந்த மனிதரின் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகிறது என்பது முதலில் வரவேண்டும். எழுந்து என்ன செய்கிறார், எவ்வளவு தூரம் நடக்கிறார், என்ன சாப்பிடுகிறார், யார் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார்கள். நாங்கள் தொலைபேசியில் கேட்டு எழுதுவோம். மற்ற கிளைக்காரர்கள் சிரித்தார்கள். "உங்க பிரான்ச்ல பாலிசி போடறீங்களா, பொண்ணு பாக்கறீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

டாக்டரின் இரண்டாவது வழக்கம் கடினமானது. மறுப்பைத் தபாலில் அனுப்பக் கூடாது. எழுதியவரே விண்ணப்பித்தவரை வரவழைத்து, எதிரே உட்காரவைத்து, காரணத்தைச் சொல்லவேண்டும். அதோடு, எப்போது, எந்தப் பரிசோதனையோடு திரும்பி வரலாம் என்பதையும் சொல்லவேண்டும். "திரும்பி வர வழி சொல்லாம யாரையும் வெளிய அனுப்பாத. அப்படி அனுப்பறதுக்கு வாசல்ல ஒரு பூட்டு போதும், நீ எதுக்கு?" என்பார்.

இதனால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஒருவர் என் பேனா ஸ்டாண்டைத் தூக்கித் தரையில் அடித்தார். ஓர் அம்மா கொண்டுவந்த குடையை மறந்துவிட்டு மழையில் இறங்கிப் போனார். ஆனால் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆன ஒரு பள்ளி ஆசிரியரிடம், "ஒரு வருஷம் கழிச்சு டிரெட்மில் டெஸ்ட்டோட வாங்க சார்" என்று சொல்லியனுப்பினேன். அவர் சொன்னபடி வந்தார். "தினம் ஏரியச் சுத்தி நடக்கறேன் மேடம், உங்க மேல இருக்கற கோவத்துல" என்றார். பாலிசி கொடுத்தோம். அவருடைய கோபம் நடந்தே கரைந்திருந்தது.

தொற்றுக்காலத்துக்குப் பிறகு விண்ணப்பங்கள் குவிந்தன. அதுவரை காப்பீட்டைப் பற்றி நினைத்துக்கூடப் பார்க்காதவர்களெல்லாம் கேட்டு வந்தார்கள். அப்போது வந்ததுதான் தொம்மலூர் அமுதாவின் விண்ணப்பம். பெயரை மாற்றியிருக்கிறேன்.

கொண்டுவந்தவர் முனிராஜு என்ற ஏஜென்ட். கோப்பை வைக்கும்போதே புலம்பினார்.

"மேடம், நான் எவ்வளவோ சொன்னேன். அக்கா, அத எழுத பேடா, வேணாம், ஆபரேஷன் இல்லன்னு டிக் பண்ணிடுவோம், யாரு வந்து வயித்தத் தொறந்து பாக்கப்போறான்னு. கேக்கவே இல்ல. என் கையில இருந்து பேனாவப் புடுங்கி அவங்களே எழுதிட்டாங்க."

அமுதா எழுதியிருந்தது ஒரே வரி: 'தம்பிக்கு ஒரு கிட்னி கொடுத்திருக்கிறேன்.'

ஏற்கெனவே வேறு சில நிறுவனங்கள் அவரை மறுத்திருந்தன. காரணம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். பாலிசி எடுப்பதற்கு முன்பே உள்ள உடல்குறை.

வழக்கப்படி தொலைபேசியில் அவருடைய நாளைக் கேட்டேன். இட்லி மாவு அரைத்து விற்பவர். விடிவதற்கு முன்பே எழுந்து கிரைண்டரைப் போட்டுவிடுவார். மாவை டப்பாக்களில் நிரப்பி, ஐ.டி. பிள்ளைகள் தங்கும் விடுதிகளுக்கும் சுற்றியுள்ள அடுக்குமாடிகளுக்கும் தானே எடுத்துப்போவார். "லிஃப்ட்ல வுட மாட்டாங்க மேடம், சிந்திடும்னு. மாடிப்படிதான்." கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மகள் கல்லூரியில் படிக்கிறாள். மாத்திரை எதுவும் எடுப்பதில்லை. ஆண்டுக்கொருமுறை பரிசோதனை.

நல்ல நாள்தான். ஆனால் கையேட்டில் 'ஒற்றைச் சிறுநீரகம்' என்ற தலைப்புக்கு நேரே 'மறுக்கவும்' என்ற ஒரு சொல்தான் இருந்தது. அதை மாற்ற எனக்கும் அதிகாரமில்லை, டாக்டருக்கும் இல்லை. மறுப்பை எழுதி அவரிடம் கொண்டுபோனேன்.

அவர் படித்தார். "எப்ப திரும்பி வரலாம்னு சொல்லப்போற?" என்று மட்டும் கேட்டார்.

நான் கோப்பைப் புரட்டினேன். சர்க்கரை குறைந்ததும் வாருங்கள் என்று சொல்லலாம். ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆனதும் வாருங்கள் எனலாம். இவருக்கு என்ன சொல்வது? கொடுத்த சிறுநீரகம் மறுபடி முளைக்கப்போவதில்லை.

"தெரியலையா? சரி, அந்தம்மாவ வரச் சொல்லு. மூஞ்சப் பாத்து பேசு. அப்ப தெரியுதான்னு பாப்போம்."

அமுதா காலை விநியோகம் முடிந்து நேராக வந்தார். உயரமில்லை, கெட்டியான உடம்பு. கூடையை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். காரணத்தைச் சொன்னேன். எங்கள் விதியில் ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவர்களை ஏற்பதில்லை என்றேன்.

"அப்டீங்களா?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "எந்தம்பி வேல செய்ற கம்பெனிக்கு இன்சூரன்ஸ் உங்களுதுதானே மேடம்? கார்டு காட்டுனான். இதே பேருதான், இதே கலரு."

இருக்கலாம் என்றேன். பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களுக்கு மொத்தமாக எடுக்கும் காப்பீட்டில் யாருக்கு என்ன நோய் என்று நாங்கள் கேட்பதில்லை. முதல் நாளிலிருந்தே எல்லாமும் அதில் அடங்கும்.

"அப்ப எங்கிட்ட இருந்து போன கிட்னிக்கு நீங்க ஏற்கெனவே இன்சூரன்ஸ் குடுத்துட்டீங்க. அது எந்தம்பி வயித்துல ஏ.சி. ரூம்ல சொகமா உக்காந்திருக்குது. எங்கூடவே இருந்து மாடிப்படி ஏறுது பாருங்க, பாவம், அதுக்குத்தான் இல்லன்றீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், எனக்கு ஒண்ணும் பயமில்ல. எனக்கொரு சளி புடிச்சாக்கூட அவன் மூஞ்சி செத்துப்போவுது. என்னாலதான் அக்கா, என்னாலதான்னு. நாளைக்கு நான் ஆஸ்பத்திரில படுத்தா அவன் வீட்ட வித்தாவது கட்டுவான். கட்டிட்டு, நான் அக்காவ முழுங்கிட்டேன்னு சொல்லிக்கினே இருப்பான். நான் குடுத்தது அவன் நல்லா இருக்கட்டும்னு. அவன் என்னைப் பாத்துப் பாத்து தேயறதுக்கு இல்ல. அதுக்குத்தான் அலையறேன்."

"பின்ன அந்த ஏஜென்ட் சொன்ன மாதிரி எழுதாம விட்டிருக்கலாமே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் தெரிந்துகொள்ள ஆசை.

"குடுத்தத எதுக்கு மேடம் மறைக்கணும்? திருடியா குடுத்தேன்?"

அவரை உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரின் அறைக்குப் போனேன். நடந்ததை அப்படியே சொன்னேன். சிறுநீரகம் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கும் கதையைக் கேட்டதும் டாக்டர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் தேடினார். நெற்றியில்தான் இருந்தது.

"மேகலா, திரும்பி வர வழி சொல்ல முடியலன்னா என்ன அர்த்தம்? அந்தம்மா மாத்திக்க வேண்டியது எதுவும் இல்லன்னு அர்த்தம். அப்ப மாத்திக்க வேண்டியது யாரு?"

கோப்பை மும்பையிலுள்ள தலைமை அலுவலகக் குழுவுக்கு அனுப்புவது என்று முடிவானது. கிளையிலிருந்து அப்படி அனுப்புவது அபூர்வம். அனுப்பினால் ஓட்டை இல்லாமல் அனுப்பவேண்டும். சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியேட்டினின், ஸ்கேன், ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் எங்கள் பட்டியலிலுள்ள பரிசோதனை நிலையத்தில் எடுக்கச் சொன்னோம்.

எல்லாம் சரியாக வந்தன, ஒன்றைத் தவிர. ரத்த அழுத்தம் அதிகம் என்று வந்தது. ஒற்றைச் சிறுநீரகத்தோடு ரத்த அழுத்தமும் சேர்ந்தால் குழு கோப்பைத் திறக்கக்கூட மாட்டாது. அமுதாவுக்குப் போன் செய்து, அன்று எப்படிப் போனார் என்று கேட்டேன்.

"வெறும் வயித்துல வரச் சொன்னாங்க. மாவு போட்டுட்டு ஓடினேன். அங்க லிஃப்ட் ரிப்பேரு. ஏறிப் போன ஒடனே கையில பட்டையக் கட்டிட்டாங்க. மூச்சு வாங்குது, இதுல அந்தப் பொண்ணு வேற, அய்யய்யோ ஜாஸ்தியா இருக்கேன்னுச்சு. அதக் கேட்டு இன்னும் ஏறிப்போச்சு."

மறுநாள் மறுபடி எடுக்கலாம் என்றேன். டாக்டர் ஒப்பவில்லை. "நக்கோ. ஒரு தடவ ஜாஸ்தி, ஒரு தடவ சரின்னு அனுப்பினா அவங்க ஜாஸ்தியத்தான் நம்புவாங்க. நாள் பூரா எடு." இடுப்பில் ஒரு சிறு கருவி, கையில் பட்டை. பகல் இரவு முழுக்க, சிறு சிறு இடைவெளியில் தானாகவே அழுத்தத்தை அளந்து பதிவு செய்துகொண்டே இருக்கும். நானே கூடப்போய்க் கட்டிவிடச் செய்தேன். அது இறுக்கும்போது கையை அசைக்காமல் தொங்கவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள்.

மறுநாள் காலை அவரிடமிருந்து போன்.

"மேடம், இது கரெக்டா என் கை மாவுல இருக்கும்போதுதான் அமுக்குது! எட்டாவது வூட்டு ஆன்ட்டி, ஏதோ குண்டுன்னு நெனச்சு கதவச் சாத்திட்டாங்க. அவங்க மாவு திரும்பி வந்துடுச்சு. அதுக்கும் பாலிசி உண்டா?"

நாள் முழுக்க எடுத்த அளவுகளின் சராசரி இயல்பாக இருந்தது. மாடி ஏறும்போது ஏறியது, நின்றதும் இறங்கியது. தூக்கத்தில் நன்றாகக் குறைந்தது. ஆரோக்கியமான உடம்பு செய்வது இதைத்தான். டாக்டர் அந்த வரைபடத்தை என் முன்னால் தள்ளி, "எவ்வளவு அழகா இருக்கு பாரு" என்றார். அவர் எந்த அறிக்கையையும் அழகு என்று சொல்லிக் கேட்டது அந்த ஒருமுறைதான்.

குழுவோடு தொலைபேசியில் பேசும் நாள் வந்தது. எதிர்முனையில் மூன்று பேர். டாக்டர் பேசுவார் என்று நினைத்துக் கோப்பை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் ஒலிபெருக்கியை என் பக்கம் திருப்பினார். "கோப்பு உன்னுது. மூஞ்சப் பாத்தது நீ. நீ பேசு."

பேசினேன். எனக்கு மேடைப்பேச்சு வராது. வரிசையாகச் சொல்லத்தான் வரும். முதலில் அமுதாவின் ஒரு நாளைச் சொன்னேன். குழுவில் ஒருவர், "சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்றார். "சுருக்கினால் ஒற்றைச் சிறுநீரகம் என்ற இரண்டு சொல்தான் மிஞ்சும் சார், அப்படிச் சுருக்கித்தான் எல்லோரும் மறுத்தார்கள்" என்றேன். பிறகு சொன்னேன்: நம்முடைய பாலிசிதாரர்களில் பெரும்பாலோரை நாம் சாதாரணமாகவே பரிசோதிக்கிறோம். இந்த அம்மாவைச் சிறுநீரகம் கொடுக்க அனுமதிப்பதற்கு முன் மருத்துவர்கள் தலைமுதல் கால்வரை சோதித்திருக்கிறார்கள். ஒரு சின்னக் குறை இருந்திருந்தாலும் கொடுக்க விட்டிருக்க மாட்டார்கள். நோயால் சிறுநீரகத்தை இழந்தவரும், ஆரோக்கியமாக இருந்ததாலேயே ஒன்றைக் கொடுக்க முடிந்தவரும் நம் கையேட்டில் ஒரே வரியில் இருக்கிறார்கள்.

"சரி, மிச்சமிருக்கும் ஒன்றும் பழுதானால்?" என்று கேட்டார் குழுவின் மூத்த மருத்துவர்.

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். "இரண்டு உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் இரண்டும் சேர்ந்துதானே சார் பழுதாகின்றன? சர்க்கரையோ ரத்த அழுத்தமோ ஒன்றை விட்டுவிட்டு ஒன்றைத் தாக்குவதில்லையே."

"முடிவை எழுதி அனுப்புகிறோம்" என்றார் அவர். டாக்டர் ஷரீஃபா தன் தேநீரை என் கோப்பையில் ஊற்றினார். அவருடைய பிளாஸ்க்கிலிருந்து அதுவரை யாருக்கும் அவர் ஊற்றியதில்லை.

முடிவு அந்த வாரமே வந்தது. அமுதாவை ஏற்கலாம். கூடுதல் பிரீமியம் இல்லை. சிறுநீரகம் தொடர்பான சிகிச்சைக்கு மட்டும் காத்திருப்புக் காலம் உண்டு: முன்பே உடல்குறை உள்ள எல்லோருக்கும் போல, முதல் சில ஆண்டுகள் அதற்குப் பணம் கிடைக்காது. மற்ற நோய்களுக்கு எல்லோரையும் போல. அதற்குப் பின் சில மாதங்களில் கையேட்டுக்கு ஒரு திருத்தம் வந்தது. ஒற்றைச் சிறுநீரகம் என்ற வரி இரண்டாகப் பிரிந்திருந்தது: நோயால் நீக்கப்பட்டவர்கள், பிறருக்கு அளித்தவர்கள். இரண்டாவது வரிக்கு நேரே 'மறுக்கவும்' இல்லை. 'பரிசோதித்து ஏற்கலாம்' என்றிருந்தது. நாடு முழுவதிலும் எங்கள் கிளைகளில் அந்த வரியின்படி யார் யாருக்குப் பாலிசி கிடைத்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வரி எங்கள் மேசையிலிருந்து போனது என்பது தெரியும். என் பணிக்காலத்தில் வாங்கிய எந்தப் பதவி உயர்வையும்விட அது எனக்குப் பெரிது.

பாலிசியை வாங்க வந்தபோது அமுதா அதை முழுவதும் படித்தார். காத்திருப்புக் காலத்தைப் பற்றி மூன்று கேள்வி கேட்டார். விளக்கினேன். "நியாயம்தான். புது மருமகளுக்குக்கூட பீரோ சாவிய ஒடனே குடுத்துடறமா?" என்றார்.

அடுத்த மழைக்காலத்தில் தொம்மலூரில் டெங்கு பரவியது. அமுதாவுக்கும் வந்தது. வீட்டுக்குத் திரும்பிய பிறகு அவரே போன் செய்து சொன்னார்.

மருத்துவமனையில் சேர்ந்தபோது காப்பீட்டு மேசையில் இருந்தவர், முன்பு ஏதாவது அறுவை சிகிச்சை நடந்திருக்கிறதா என்று கேட்டாராம். காய்ச்சலில் நிற்க முடியாமல் மகள் தோளில் சாய்ந்திருந்த அமுதா, "கிட்னி குடுத்திருக்கேன், ஒண்ணுதான் இருக்குது" என்றிருக்கிறார்.

அந்த மனிதர் பதறிப்போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தாராம். "அம்மா, மெல்ல, மெல்ல! அதெல்லாம் இங்க சொல்லாதீங்க. அப்ரூவல் வராது."

"எதுக்கு மெல்ல? சொல்லித்தாம்ப்பா வாங்கினேன். நீ நல்லா பெருசாவே எழுது."

"வந்துச்சா?" என்று கேட்டேன்.

"சாயங்காலமே வந்துச்சு மேடம். தம்பி பேங்க் கார்ட எடுத்துக்கினு பணங்கட்ட ஓடி வந்தான். கட்றதுக்கு ஒண்ணுமில்லடா, போய் எளநி வாங்கினு வான்னு அனுப்பிட்டேன்."